தேரிக்குப் போ

மே 5, திங்கள்

என்னைக் கடத்தியவர்கள் என் அப்பாவும் தாய்மாமாவும். திட்டம் போட்டது என் அம்மா.

மாமாவின் புது வீட்டில் ஜெபக்கூட்டம், பாயாசம் உண்டு என்று சொல்லி வண்டியில் ஏற்றினார்கள். மாமா வீட்டுக்குத் திரும்பும் விலக்கைத் தாண்டியும் வண்டி நிற்காதபோது கதவைத் திறக்கப் பார்த்தேன். உள்ளிருந்து திறக்காது. சின்னப் பிள்ளைகள் திறந்துவிடாமல் இருக்கப் போடும் பூட்டு. என் வயது இருபத்துமூன்று. பாளையங்கோட்டையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ஒரு நாளைக்கு எண்பது பேருக்கு ரத்தம் எடுக்கிறேன்.

காரணத்தை ஒரே வரியில் எழுதிவிடலாம். நான் கோமதியைக் காதலிக்கிறேன். கோமு அதே கட்டடத்தின் மாடியில் நர்ஸ். நாங்கள் இருவரும் இருக்கும் படம் ஒன்றை அம்மா என் போனில் பார்த்துவிட்டாள். எங்கள் சபையின் குருவானவர், "பிள்ளையோட உக்காந்து பேசுங்கம்மா, எங்கயும் கொண்டுட்டுப் போயிராதீங்க" என்றாராம். அம்மா வேறு ஆளைத் தேடிக்கொண்டாள்.

இடத்தின் பெயர் செம்மணல்விளை விடுதலை முகாம். ஒரு பெரிய தகரக் கொட்டகை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கூடம், சமையல்கட்டு, சுற்றிலும் முள்வேலி. வேலிக்கு மேற்கே தேரி. கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்மணல் மேடுகள். அங்கங்கே பனை, முந்திரி. ஒரு கூரைகூடத் தெரியவில்லை.

வாசலில் ஒரு சடங்கு உண்டு. கொண்டுவந்தவர், கொண்டுவரப்பட்டவரின் தலையில் கைவைத்து "ஒப்புக்கொடுக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னவர் கடைசிவரை கூடவே தங்க வேண்டும். அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு என் வகிட்டைச் சரிசெய்தாள். அப்பாவும் மாமாவும் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பாவங்களை எழுத ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு தந்தார்கள். முன்பக்கத்திலிருந்து சங்கீதம் எழுதுகிறேன். பின்பக்கத்திலிருந்து இது.

மே 6, செவ்வாய்

காலையில் வெங்காயம் உரித்தேன். ஒரு மூட்டை.

பெண்கள் கூடத்தில் பத்தொன்பது பேர். உரித்துக்கொண்டே விசாரித்தேன். மேலே படிப்பேன் என்று அடம்பிடித்தவள். சாதி மாறிக் கட்டிக்கொள்வேன் என்றவள். அண்ணன்மாரிடம் நிலத்தில் பங்கு கேட்டவள். பிள்ளை பெற்ற நாளிலிருந்து அழுதுகொண்டே இருப்பவள். அவளுக்கு வேண்டியது மருந்து. எல்லோருக்கும் பிசாசு. குடிகாரன் ஒருவனுக்கும் பிசாசு பிடித்து இங்கே கொண்டுவரக் காணோம். குடிகாரனைத் திருப்பி அடித்தவள் இருக்கிறாள். முப்பிடாதி அக்கா.

"ஏட்டி, ஒனக்கு என்ன பேயி?"

"எனக்குப் பேயெல்லாம் இல்லக்கா."

"எல்லாவளும் அப்பிடித்தான் சொல்லுதாளுவ. எனக்கு ரெண்டு. ஒண்ணு எம் புருசன். இன்னொண்ணு அவன் ஆத்தா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பரணிலிருந்து பத்துப் பாத்திரம் ஒன்றாக விழுந்ததுபோல் ஒரு சிரிப்பு. மேற்பார்வைக்கு நின்ற சகோதரி "ஸ்தோத்திரம் சொல்லுங்க, ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று ஓடிவந்தார்.

அக்கா பீடி சுற்றுகிறவள். முதலில் அவளைப் பேயோட்டும் கோடாங்கியிடம்தான் கொண்டு போனானாம் புருஷன். "அவன் வேப்பங்குழையால அடிச்சான். இவிய கெட்டி அட்டப் புத்தகத்தால அடிக்காவ. வேப்பங்குழையாவது குளுமையா இருந்துச்சுட்டி."

எனக்கு ஒரு யோசனையும் சொன்னாள். "வெள்ளிக்கெழம உச்சிக்கு மைக்க நீட்டுவாரு. ஒன் பேரு என்னன்னு பேயிட்ட கேப்பாரு. வாயில வந்த பேரச் சொல்லி ஒரு ஆட்டம் ஆடிட்டு வீட்டப் பாத்துப் போயிரு. நான் காட்டேரின்னு சொல்லப் போறேன்."

மே 7, புதன்

முகாமை நடத்துகிறவரைப் பார்த்தேன். தவமணி அண்ணன். ஐம்பத்தைந்து இருக்கும். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். கண்ணை உருட்டுகிற ஆளை எதிர்பார்த்திருந்தேன். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். கெட்டவர்கள் கெட்டவர்கள்போல் இருந்தால் உலகத்தில் பாதி வேலை மிச்சம்.

என் நோட்டின் முன்பக்கத்தைப் பார்த்து, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார். எனக்கு ஒரு வேலை. முகாமுக்கு இது இருபத்தைந்தாம் ஆண்டு. 23ஆம் தேதி பெருவிழா. அதற்குள் 'பேர்ப் புத்தகத்தை'ப் புதிதாக எழுதித் தர வேண்டும். பழையதைச் செல் அரித்துவிட்டது.

இங்கே துரத்தப்பட்ட ஒவ்வொரு பிசாசின் பெயரும் அதில் இருக்கிறது. நான்கு கட்டம்: தேதி, ஆளின் பெயர், பிசாசின் பெயர், ஒப்புக்கொடுத்தவர் பெயர். முதல் வரியில் அவருடைய பெயரே இருந்தது.

"நாப்பது நாள் இந்தத் தேரியில தனியா உபவாசம் இருந்தேன் மக்களே. எனக்குள்ள இருந்தத நானே தொரத்தினேன். அதுதான் ஆரம்பம்."

"உங்களுக்குள்ள என்ன இருந்துச்சு?"

புத்தகத்தின் தூசியைத் துடைத்தார்.

பத்துப் பக்கம் எழுதிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆளின் பெயர் செல்லக்கனி. பிசாசின் பெயர் செல்லக்கனி. ஆளின் பெயர் இம்மானுவேல். பிசாசின் பெயர் இம்மானுவேல். எல்லா வரியும் அப்படித்தான். மோகினி, காட்டேரி என்று ஒன்றுகூட இல்லை.

கேட்டேன். சிரித்தார். "பிசாசு திருட்டுப் பயம்மா. ஆளோட பேரத் திருடிக்கிட்டு, நான்தான் அதுன்னு சொல்லும். அந்தப் பேரச் சொல்லித் தொரத்தினாத்தான் போவும்."

மே 8, வியாழன்

மதியம் சருகு பொறுக்க வேலிக்கு வெளியே அனுப்பினார்கள். மணலில் காலடித் தடங்கள். வெறுங்கால். பெரிது, சிறிது, ஒற்றைக் கட்டைவிரல் மட்டும் அழுந்தியது. முகாமைச் சுற்றி வட்டமாகப் போயின. எத்தனையோ பேர் எத்தனையோ நாளாகச் சுற்றி நடந்ததுபோல் பள்ளமான தடம். ஒரு தடமும் எங்கிருந்தும் வரவில்லை, எங்கும் போகவில்லை.

கஞ்சியில் உப்பு இல்லாமல் நான்கு நாள். வெயில் நூற்றுநாலு இருக்கும். உடம்பில் சோடியம் குறைந்தால் கண் எதையும் காட்டும். இதை எழுதி வைக்கிறேன்.

மே 9, வெள்ளி

நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். எனக்குப் பேயில் நம்பிக்கை இல்லை என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

உச்சிப்பொழுது. கொட்டகைக்கு மேற்குப் பக்கம் சுவர் கிடையாது. பிசாசு போவதற்கு வழி வேண்டுமாம். முப்பிடாதி அக்காவை நடுவில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் அவள் புருஷன், ஒப்புக்கொடுத்தவன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வந்த இருநூறு பேர் கைதட்டினார்கள். அண்ணன் மைக்கை நீட்டி "ஒன் பேரு என்ன?" என்றார்.

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "காட்டேரி!"

"பொய். பேரச் சொல்லு."

"ரெத்தக் காட்டேரி!"

"பொய்."

ஒரு மணி நேரம். தண்ணீர் இல்லை. தகரம் அடுப்புப்போல் காய்ந்தது. ஆடிப் பார்த்தாள், உருண்டு பார்த்தாள், கெட்ட வார்த்தையில் திட்டியும் பார்த்தாள். கடைசியில் களைத்துப்போய், வகுப்பில் பெயர் கூப்பிடும்போது சொல்வதுபோல், மெதுவாகச் சொன்னாள்: "முப்பிடாதி."

"எல்லாரும் கண்ண மூடி ஜெபிங்க" என்றார் அண்ணன். மூடினார்கள். நான் மூடவில்லை. இருபத்தைந்து வருடத்தில் இந்தக் கொட்டகையில் அந்த நேரத்தில் கண் திறந்திருந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

"முப்பிடாதி, தேரிக்குப் போ" என்றார் அண்ணன். "போ" என்றான் புருஷன்.

அக்காவின் வாயிலிருந்து ஒரு மூச்சு வந்தது. வந்துகொண்டே இருந்தது. மனித நுரையீரல் எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அது அதைவிட நூறு மடங்கு. தகரம் தடதடத்தது. பந்தல் கயிறு விறைத்தது. பிறகு மேற்கே, வேலிக்கு அப்பால், மணல் எழுந்தது.

எழுந்தது ஒரு பெண்ணாக நின்றது. பனை உயரம். செம்மண் நிறம், உள்ளிருந்து வெயில் அடித்ததுபோல் ஒளி. முகம் முப்பிடாதி அக்காவின் முகம். ஆனால் ஒருமுறைகூட 'வாயை மூடு' என்று கேட்டிராத முகம். யாருக்கும் பயந்து ஒதுங்கியிராத தோள். அது சுற்றிப் பார்த்தது. ஒரு பனையில் சாய்ந்து உட்கார்ந்தது. பிறகு சிரித்தது. பத்துப் பாத்திரச் சிரிப்பு, ஆயிரம் பாத்திரமாக.

நான் மண்டியிட்டு உட்கார்ந்தேன். கும்பிடவில்லை. அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பிசாசு என்று எதை நினைத்திருந்தேனோ அது அழகாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மே 10, சனி

முப்பிடாதி அக்கா நலம். கழுவிய தட்டை மறுபடி கழுவுகிறாள். என்ன சொன்னாலும் "சரி" என்கிறாள்.

சமையல்கட்டுக்குப் பின்னால் கட்டெறும்புப் புற்றின்மேல் நின்றுகொண்டிருந்தாள். எறும்பு முழங்கால்வரை ஏறியிருந்தது. "எக்கா, கடிக்கலியா?" என்று இழுத்தேன். ஒன்றும் கடித்திருக்கவில்லை. சுவரில் நடப்பதுபோல் அவள்மேல் நடந்தன.

மே 11, ஞாயிறு

அம்மாவோடு பேசவில்லை. பூசணிக்காய் நறுக்கினோம்.

மே 13, செவ்வாய்

முப்பிடாதி அக்காவின் புருஷன் ஊருக்குப் போகவில்லை. பெருவிழாவில் இருவரும் சாட்சி சொல்ல வேண்டுமாம். எல்லோரிடமும், "இப்பம் எப்பிடி இருக்கா பாருங்க, பசு மாதிரி" என்று காட்டுகிறான். குடித்திருந்தான்.

உச்சிக்கு வேலியருகே போய் நின்றேன். இப்போது தேடினால் தெரிகிறது. ஒன்றிரண்டு என்று நினைத்தேன். மேடு மேடாக நிற்கிறார்கள். நானூறு பேர் இருக்கலாம். வெயிலைப் பார்த்து நிற்கிறவர்கள், மணலை அள்ளி அள்ளி வீடு கட்டுகிறவர்கள், வாய்விட்டுப் பாடம் படிக்கிற ஒருத்தி, கைகோத்து நடக்கிற இரண்டு ஆண்கள். பாடம் படிப்பவளின் குரல் காதில் விழவில்லை, நெஞ்செலும்பில் அதிர்ந்தது. எல்லோரும் முகாமைப் பார்த்தே சுற்றுகிறார்கள். உள்ளே வர ஒருவரும் முயலவில்லை. போ என்றதால் போனவர்கள். வா என்று யாரும் சொல்லவில்லை.

இந்த நாட்டில் ஊருக்கு வெளியே துரத்தப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு பெரியவர்களாகப் பார்த்ததில்லை.

மே 15, வியாழன்

நாளை நான்.

ஓட முடியாதா என்று பார்த்தேன். வாசலில் எப்போதும் நான்கு பேர். மேற்கே தேரி, அங்கே அவர்கள். எனக்கு அவர்களிடம் பயம் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் முன்னால் நடந்து போகிற தைரியம் இல்லை.

'மோகினி' என்று சொல்லப் போகிறேன். எவ்வளவு நேரமானாலும் 'மோகினி'தான். என் பெயரைச் சொல்ல மாட்டேன்.

அம்மாவிடம் பார்த்ததை எல்லாம் சொன்னேன். கேட்டாள். கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அப்பம் ஒனக்கும் இருக்குன்னு நீயே சொல்லுத."

"ம்மா, நாளைக்கு என்னைத்தான் தொரத்தப் போறீங்க. மிச்சம் இருக்கது நான் இல்ல."

"நீ எனக்கு வேணும்ட்டி. அதுக்குத்தான் கொண்டாந்தேன்."

"கோமுவோட சேத்து வேணுமா?"

கத்தி நின்றது. "நாலு வயசுல ஒனக்கு டைபாய்டு. பதினெட்டு நாள் மடியிலயே வச்சிருந்தேன். செத்துருவான்னு டாக்டர் சொன்னாரு. அன்னைக்கு ஆண்டவர்ட்ட என்ன கேட்டேன் தெரியுமா? எப்பிடியாவது குடும், எப்பிடி இருந்தாலும் சரின்னு கேட்டேன்."

"அப்பிடின்னா அதுதான் இது."

அம்மா அழுதாள். நானும்தான். அதற்குப் பிறகு அவள் கத்தரிக்காய்க் காம்பை எல்லாம் எண்ணெயில் போட்டுவிட்டாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது. மாற்றம் ஒன்றுமில்லை. நாளை உச்சிக்கு நான்.

மே 16, வெள்ளி

விடுதலை பெற்றேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

மே 17, சனி

காலை எழுந்தேன். கூட்டினேன். பேர்ப் புத்தகத்தில் என் பெயரைக் கடைசி வரியில் எழுதினேன். கையெழுத்து நன்றாக வந்தது.

கோமதி நல்ல பெண். அவளுக்காக ஜெபிக்க வேண்டும்.

மே 19, திங்கள்

அம்மா எனக்குத் தலை பின்னினாள். இறுக்கமாகப் பின்னினால் நான் எப்போதும் கத்துவேனாம். இன்று கத்தவில்லை. இன்னும் இறுக்கினாள். "வலிக்கலியாட்டி?" என்றாள். வலிக்கிறது என்று சொல்ல வேண்டுமா என்று கேட்டேன்.

எறும்பு கடிக்கவில்லை. வேலை செய்ய வசதியாக இருக்கிறது.

மே 20, செவ்வாய்

அம்மா என் தட்டில் பாகற்காய் வைத்தாள். சாப்பிட்டேன். எனக்குப் பாகற்காய் ஆகாதாம். இரண்டாம் முறையும் வைத்தாள். சாப்பிட்டேன். அம்மா தட்டைப் பிடுங்கிக்கொண்டு, "சண்ட போடுட்டி. என்ட்ட ஒரு வார்த்த சண்ட போடு" என்றாள். என்ன வார்த்தை என்று கேட்டேன்.

மே 21, புதன்

பழைய பக்கங்களை வாசித்தேன். இதை எழுதியவள் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாள்; 16ஆம் தேதி நடந்ததை மட்டும் எழுதவில்லை. விட்டுப்போனதை எழுதுவது முறை.

உச்சிக்கு உட்காரவைத்தார்கள். அண்ணன் பெயர் கேட்டார். 'மோகினி' என்றேன். பொய் என்றார். முப்பது முறை இருக்கும். பிறகு அண்ணன் மைக்கை அம்மாவிடம் கொடுத்தார். "நீங்க கேளுங்கம்மா" என்றார். அம்மா குனிந்து என் முகத்தைத் துடைத்துவிட்டு, "ஒன் பேரு என்ன மக்களே?" என்றாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் முன் சொல்லிக்கொடுத்தபோது கேட்ட அதே குரல். பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. "பியூலா."

அண்ணன் "பியூலா, தேரிக்குப் போ" என்றார். அம்மாவும் "போ" என்றாள். அம்மா கண்ணை மூடியிருந்தாள். நான் திறந்திருந்தேன். போனது திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

அது என்னைவிட அதிகம் கோபமாக இருந்தது. வேறு ஒன்றும் தோன்றவில்லை.

மே 23, வெள்ளி

காலையிலிருந்து பேருந்து பேருந்தாக ஆட்கள். இருபத்தைந்து வருடத்தில் விடுதலை பெற்றவர்களில் உயிரோடிருக்கிறவர்களை வரவழைத்திருந்தார்கள். நூறு பேருக்கு மேல். முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஒருவரும் விசிறிக்கொள்ளவில்லை, ஒருவர்மேலும் ஈ உட்காரவில்லை. முப்பிடாதி அக்கா என் பக்கத்தில். அவளுக்கு அடுத்து அவள் புருஷன்.

விழாவின் பெரிய பகுதி ஸ்தோத்திர பலி. துதி சொல்லச் சொல்லக் கூட்டம் "ஸ்தோத்திரம்" என்று சொல்லும். எல்லாச் சபையிலும் உள்ளதுதான். அண்ணன் இந்த வருடம் ஒன்று புதிதாகச் செய்தார். முறியடிக்கப்பட்ட பிசாசுகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் ஸ்தோத்திரம் சொல்லும். தேரியில் கிடப்பவை கேட்டுக் குமுறட்டும் என்று நான்கு குழாய் ஸ்பீக்கரையும் மேற்கே திருப்பிக் கட்டச் சொன்னார். பக்கம் திருப்ப என்னை மேடையில் நிறுத்தினார்.

உச்சிப்பொழுது. இது வாசிப்பு, ஜெபம் இல்லை. எனவே எல்லோருடைய கண்ணும் திறந்திருந்தது.

"தவமணி!" என்று தன் பெயரிலேயே ஆரம்பித்தார். ஸ்தோத்திரம். "செல்லக்கனி!" ஸ்தோத்திரம். "இம்மானுவேல்!" ஸ்தோத்திரம்.

துரத்தியவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவர்கள் வந்தார்கள்.

முதலில் காற்று நின்றது. பிறகு செல்லக்கனி வேலியைத் தாண்டினாள். தாண்டியது முள்ளுக்குத் தெரியவில்லை. சுவரில்லாத பக்கம் வழியாகக் குனிந்து உள்ளே வந்தாள், வரிசையைப் பார்த்தாள், அறுபது வயதுக் கிழவி ஒருத்தியின் முன்னால் நின்றாள். கிழவி அண்ணாந்து பார்த்து, "எங்கட்டி போயிருந்த?" என்றாள். அடுத்த கணம் மணல் அவள் மடியில் கொட்டியது. கிழவி எழுந்து, "எம் பங்கு நெலம் எங்கல?" என்று பக்கத்திலிருந்த, தன்னை ஒப்புக்கொடுத்த கூடப்பிறந்தவனை அறைந்தாள். இருபத்துநாலு வருடம் தாமதமான அறை.

கூட்டம் அலறியது. தவமணி அண்ணன் போட்டிருந்தது வாசிக்கும் கண்ணாடி, தூரம் தெரியாது. அலறலைக் கேட்டு, ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று நினைத்து, "எழுப்புதல்! இது எழுப்புதல்!" என்று இன்னும் சத்தமாக, இன்னும் வேகமாக வாசித்தார். நான் பக்கம் திருப்பினேன். திருப்பச் சொல்லியிருந்தார்கள்.

நானூறு பேர் வந்தார்கள். அதை எழுத என்னிடம் சொல் இல்லை. தகரக் கூரை உயர்ந்து வழிவிட்டது. ஆணி ஒன்றும் பிடுங்கிக்கொள்ளவில்லை. வந்தவர்களில் சிலருக்குத் தங்கள் ஆள் கிடைத்தார். சிலருடைய ஆள் செத்துப்போயிருந்தார். அவர்கள் காலி நாற்காலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நின்றார்கள். சிலருடைய ஆள் வரவில்லை. அவர்கள் கூட்டத்தைக் கடந்து, வாசலைக் கடந்து, திருச்செந்தூர் சாலையில் ஏறி, தத்தம் ஊர் இருக்கும் திசைக்கு நடந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் பனை உயரத்தில் ஏழெட்டுப் பேர் காத்து நின்றதை நான் பார்த்தேன். ஒருவரும் யாரையும் அடிக்கவில்லை, கடிக்கவில்லை. பயந்து ஓடியவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்ததில்தான் காயம்.

"முப்பிடாதி!" என்றார் அண்ணன்.

அக்காவின் தோள் உயர்ந்தது. ஒரு கணம் அவள் முகத்தில் வெயில் அடித்தது. பிறகு பத்துப் பாத்திரமும் விழுந்தன. புருஷனைப் பார்த்தாள். "பசுவால? பசுவா நான்? வால இங்க!" அவன் போன வேகத்துக்குச் செருப்பு இரண்டும் இங்கேயே கிடக்கிறது.

அக்கா மேடையேறி வந்து என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "ஏட்டி, ஒன்னுது இன்னும் வரலியா?"

என்னுடையது கடைசிப் பக்கத்தில், கடைசி வரியில். அண்ணன் அந்தப் பக்கத்தை எட்டவில்லை. அதற்குள், வெகு தூரத்திலிருந்து, முதல் பெயர் வந்து சேர்ந்தது. இருபத்தைந்து வருடத்தில் அதுதான் அதிக தூரம் போயிருந்தது. ஒல்லியான ஆள். இடுப்பை ஒடித்து, விரல்களை விரித்து, ஏதோ பாடிக்கொண்டு, அவ்வளவு பேர் நடுவில் வெட்கமே இல்லாமல் நடந்து வந்தது. வந்தவர்களில் அழகு அதுதான். அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். மைக் விழுந்தது.

"நீயா" என்றார். அவர் குரலை அப்படி நான் கேட்டதில்லை.

பிறகு மேடையிலிருந்து குதித்து ஜீப்பை நோக்கி ஓடினார். அவர் கிளப்புவதற்குள் அது பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஜீப் செம்புழுதி பறக்கப் போனது. பின்கண்ணாடியில் அதன் விரல்கள் தாளம் போட்டன.

நான் மைக்கை எடுத்தேன். "பியூலா" என்று நானே கூப்பிட்டேன். ஸ்பீக்கர் நான்கும் சொன்னது. வேலிக்கு அப்பால், முந்திரி மரத்தடியில், அது தலையைத் திருப்பியது. தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டால் திரும்புவதுபோல். வரவில்லை. முப்பிடாதி அக்கா கூப்பிட்டாள், வைதுகூடக் கூப்பிட்டாள். வரவில்லை. போ என்று சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஜீப்பில் போய்விட்டார்.

இப்போது மணி மூன்று. கொட்டகை காலி. முப்பிடாதி அக்கா வாசலில் ஒரு வண்டியை மறித்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். அம்மா சமையல்கட்டுப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். நான் அவள் எதிரே மணலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எனக்குள் கோபம் இல்லை. என் கோபம் எங்கே நிற்கிறது என்று மட்டும் தெரிகிறது. இங்கிருந்து எண்பது அடி. கைகட்டி நிற்கிறது. முகம் என் முகம். நான் கண்ணாடியில் ஒருநாளும் பார்க்காத அளவுக்கு என் முகம்.

அம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த முறை கண்ணை மூடவில்லை.

"இவ்வளவு பெருசாவாட்டி இருந்த" என்றாள்.

"ஆமாம்மா."

"அது வந்தா, அந்தப் பிள்ளையும் கூட வருமா?"

"வரும். எல்லாம் சேந்துதான் வரும்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அதை எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். உதடு ஒருமுறை பிரிந்து சேர்ந்தது.

"போன்னு சொன்னேல்லாம்மா. இப்பம் வான்னு சொல்லு. என் பேரச் சொல்லிக் கூப்பிடு."

அம்மா இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அக்கா வாசலிலிருந்து கத்துகிறாள். நிழல் கிழக்கே நீள ஆரம்பித்துவிட்டது. எண்பது அடி தொண்ணூறு அடியானதுபோல் இருக்கிறது.

"கூப்பிடும்மா."